அவளுடைய புதுக் காரின் முன்னிருக்கை

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நான் வேலைக்குப் போகும் பாதை இத்தனை வருடங்களில் மாறவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஏறி, ஷா ஆலமில் கொஞ்சம் நின்று, சுபாங்கில் கூடுதலாக நின்று, பெட்டாலிங் ஜெயா வந்ததும் முழுக்க நின்றுவிட்டு, அதன் பிறகு எப்படியோ ஊர் சேர்வேன். எந்த வளைவில் எந்தத் தடம் முதலில் நகரும் என்று எனக்குத் தெரியும். மாறியது என் காரின் பக்கத்து இருக்கைதான்.

அதில் என் தோழி உட்கார்ந்து வந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகக் கட்டடத்திலேயே வேறொரு மாடியில் வேலை. காலையில் அவள் வீட்டு கேட்டருகே காரை நிறுத்தினால், ஈரக் கூந்தலோடும் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றோடும் வந்து ஏறுவாள். கிள்ளான் பாலம் தாண்டுவதற்குள் முந்தின நாள் வீட்டில் நடந்ததெல்லாம் வந்துவிடும். அவள் கணவரின் இரத்த அழுத்தம், என் மகனின் படிப்பு, இரண்டு மாமியார்கள். வேறு யாரிடமும் சொல்லாததை அந்த ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொள்வோம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

கார் வாங்கப் போவதை அவள் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நிறம் தேர்ந்தெடுத்து, பதிவு செய்து, எல்லாம் முடிந்த பிறகு, ஷா ஆலம் நெரிசலில் சொன்னாள். கைப்பேசியில் படத்தையும் காட்டினாள். சின்ன வகை எஸ்யூவி. கிராஸ்ஓவர் என்கிறார்கள்; என் செடானைவிட உயரம், ஜீப்பைவிடச் சிறியது. சாம்பல் கலந்த நீலம். நல்ல நிறம். நான் முன்னால் நின்ற லோரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்குலா" என்றேன். என் குரல் எனக்கே சரியாக இல்லை.

கார் வந்ததும் கிள்ளானில் கோயிலுக்கு எடுத்துப் போனோம். என்னையும் கூப்பிட்டிருந்தாள். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். குருக்கள் பானட்டில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார், எண் பலகைக்கும் வைத்தார், தீபம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அவள் ஏறி உட்கார்ந்து முன்னால் நகர்த்த வேண்டியதுதான். கார் நகரவில்லை. அதில் கைப்பிடி பிரேக் கிடையாது, எல்லாம் பொத்தான். விற்றவர் சொல்லிக் கொடுத்தது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. எதையோ அழுத்தினாள், கார் துள்ளி முன்னால் போனது. மூன்று பழங்கள் நசுங்கின. ஒன்று மட்டும் நசுங்காமல் உருண்டு போய்க் கால்வாயோரம் நின்றது. குருக்கள் பரவாயில்லை என்று கையசைத்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் அந்த முழு எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனத்துக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

கோயிலிலிருந்து கிளம்பும் முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே நீங்க உக்காருங்க அக்கா. இத்தன வருஷம் நீங்க ஓட்டுனது போதும்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது என் வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வதுபோல் பட்டது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் நான். மழையிலும் காய்ச்சலிலும் அவள் வீட்டு முன்னால் நேரத்துக்கு நின்றவள் நான். வேறு யாராவது ஓட்டினால் எனக்குத் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் என் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"தல சுத்துதா? ஈப்போவுக்கு நான்தானே ஓட்டுறேன். தாப்பா வர்றதுக்குள்ள கொறட்ட விடுற."

ஒரு வாரம் நான் தனியாகவும் அவள் தனியாகவும் போனோம். அதற்குள் அவளே சலித்துப்போய் என் காருக்குத் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடுத்த வாரம் அவள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்தக் காரின் முன்னிருக்கையில் வந்து உட்கார்ந்தாள். காப்பாரிலிருந்து வருபவள். அதுவரை கிள்ளான் ஸ்டேஷன் வரை மோட்டார் சைக்கிளில் வந்து ரயிலேறிக்கொண்டிருந்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண், குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

சுபாங் நெரிசலில் சில நாள் அவர்கள் கார் என் காருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். என் இருக்கையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அவர்களுடைய கதவின் கைப்பிடியும் கண்ணாடியின் கீழ் விளிம்பும்தான் தெரியும். அவர்களுக்கோ என் மடியில் இருப்பதுவரை தெரியும். நான் தனியாகச் சாப்பிடும் நாசி லெமாக், பக்கத்து இருக்கையில் என் கைப்பை, மேலே தொங்கும் என் பழைய மணிமாலை எல்லாம். ஒருமுறை அவள் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள். அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். அவர்கள் எதற்கோ சிரித்து முடித்திருந்த முகம் அது. நானும் கையை ஆட்டினேன். பிறகு அடுத்த தடத்துக்கு மாறினேன். அந்தத் தடம் நகராது என்று தெரிந்தே மாறினேன்.

மதிய உணவு மட்டும் எங்களுக்குள் மிச்சமிருந்தது. வாழையிலைக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்ததும் அவள் காரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். உயரத்தில் உட்கார்வதால் முன்னால் நாலைந்து வண்டிக்கு அப்பால்வரை தெரிகிறதாம். லிட்டில் இந்தியாவில் வாங்கிய அரிசி மூட்டையும் பூச்சட்டிகளும் பின்னால் ஒரே சுமையாகப் போய்விட்டனவாம். எங்கள் தெரு முனையில் மழைத் தண்ணீர் தேங்கிய நாளில் மற்ற வண்டிகளெல்லாம் தயங்கி நிற்க, அவள் மெதுவாகக் கடந்துவிட்டாளாம். தயங்கி நின்றவற்றில் என் காரும் ஒன்று. அதை அவளிடம் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்வாள். முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் தடிமனாக இருப்பதால் முச்சந்தியில் மோட்டார் சைக்கிள் மறைந்துவிடுகிறது. எங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் சுவர் வந்து உரசுவதுபோல் பயமாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் டயர் இரைச்சல். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறது. இவற்றை நான் மிகுந்த கவனத்தோடு கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ஐயோ" என்றேன். அந்த மதியங்களில் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தன் குடும்பத்தோடும் அந்தப் பெண்ணோடும் கேரி தீவுக்கு நண்டு சாப்பிடப் போயிருந்தாள். படம் அனுப்பினாள். செம்பனை மரங்களுக்கிடையே கார் நிற்கிறது, கதவுவரை செம்மண். அந்தப் பெண் அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். மிக அழகு என்று பதில் அனுப்பிவிட்டு, நான் எங்கள் வீட்டு அலமாரியை அடுக்கி முடித்தேன். ஏற்கனவே அடுக்கியிருந்த அலமாரிதான்.

அந்தக் காரைப் பற்றி அவளைவிட எனக்குத்தான் அதிகம் தெரிந்திருந்தது. வாங்கியவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். ஒரு மதியம் விற்பனைக் கூடத்துக்கே போனேன். விற்பனையாளர் நான் வாங்க வந்தவள் என்று நினைத்துக் கதவைத் திறந்து உட்காரவைத்தார். விளக்கப் புத்தகமும் கொடுத்தார். முன்னால் நான்கு, பின்னால் நான்கு சின்ன வட்டங்கள் பம்பரில் இருக்கும், அவைதான் பக்கத்தில் ஏதாவது வந்தால் உணர்ந்து ஒலி எழுப்புபவை என்று தொட்டுக் காட்டினார். உண்மையைச் சொன்னால் உட்கார நன்றாக இருந்தது. குனிந்து விழவும் வேண்டாம், கையூன்றி எழவும் வேண்டாம். அது நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒருநாள் அவள் முகம் வாடிப்போய்ச் சாப்பிட வந்தாள். கார் காரணமில்லாமல் கத்துகிறது என்றாள். நெரிசலில் மெதுவாக ஊரும்போது, முன்னால் ஒன்றும் நெருக்கமாக இல்லாதபோதே, விடாமல் ஒலிக்கிறது. திரையில் சிவப்புக் கோடு வருகிறது. பின்னால் எடுத்தாலும் அப்படியே. சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒன்றும் இல்லை. காரைக் கழுவித் துடைத்து, ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். சில நாள் அமைதி. பிறகு மறுபடி கத்தல். மீண்டும் கொண்டுபோனாள். மீண்டும் கழுவிக் கொடுத்தார்கள்.

"யாரோ கண்ணு பட்டுருச்சு அக்கா," என்றாள். "எங்க வரிசையில யாரும் புதுக் காடி வாங்கல. என்னோடதத்தான் எல்லாரும் பாக்குறாங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வரிசை வீட்டுக்காரர்களைச் சொன்னாள். ஆனால் அந்தக் காரை என்னைப்போல் பார்த்தவர் யாரும் இல்லை. கண் படுவதை நான் நம்புகிறவளா என்று கேட்டால், இல்லை என்பேன். என்றாலும் அன்று மாலை என் காருக்குள் ஏறியதும் நிமிர்ந்து கண்ணாடியில் என் கண்களைப் பார்த்தேன்.

அவள் பரிகாரங்கள் செய்தாள். எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். பூசணி சுற்றி உடைத்தாள். கத்தல் நிற்கவில்லை. அதிகமானது என்றே சொன்னாள். ஒரு மதியம் இலையை மடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "வித்துடலாம்னு இருக்கேன் அக்கா. மறுபடியும் உங்க கூடவே வந்துடறேன்."

நான் அவசரப்படாதே என்று சொன்னேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய், காரின் பக்கத்து இருக்கையிலிருந்த குடை, கோப்பு, பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பின்னால் போட்டேன். இருக்கையைத் துடைத்தேன். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, அவளுக்கு வசதியான இடத்தில் நிறுத்தினேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, அவளுடைய அடுக்குச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்கு நடந்தே போனேன். கேட்டுக்கு உள்ளே, காருக்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு. பக்கத்தில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். பம்பரில் வரிசையாக இருந்த சின்ன வட்டங்களில் ஒவ்வொன்றாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பொட்டு வைக்கவே செய்து வைத்ததுபோல் அவ்வளவு பொருத்தமான அளவு. கண் பட்ட பயத்தில் வழக்கத்தைவிடக் கெட்டியாகவே வைத்தாள் போலிருக்கிறது.

"ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறேன் அக்கா," என்றாள். "முன்னாடி லேசா வைப்பேன். இப்ப நல்லா வைக்கிறேன்."

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பின்தான் கத்துகிறது. சர்வீஸில் கழுவிவிடுகிறார்கள், நின்றுவிடுகிறது. அடுத்த வெள்ளி மறுபடி வைக்கிறாள். நல்ல மழை பெய்த வாரங்களில் கத்தல் குறைவாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. நான் சட்டியை முக்காலி பக்கத்தில் வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

அன்று பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். நான் சொல்லாவிட்டால் அவள் விற்றுவிடுவாள். திங்கட்கிழமையோ அதற்கடுத்த மாதமோ, ஈரக் கூந்தலோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். காப்பார் பெண் ரயிலுக்குப் போய்விடுவாள். இதில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஷா ஆலம்வரை அது எனக்கு மிக நல்ல யோசனையாகத் தெரிந்தது. ஆனால் அவள் கண் பட்டது என்று நம்பிக்கொண்டேதான் விற்பாள். விற்ற பிறகும் அந்தக் கண் யாருடையது என்று யோசித்துக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சரியான ஆளிடம் வந்து நின்றுவிடுவாள். என் கண்மீது பழி விழுவதைவிடச் சந்தனத்தின்மீது விழுவது மேல் என்று தோன்றியது. பெருந்தன்மையெல்லாம் இல்லை.

மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிடாமல் பார்க்கிங்குக்கு வரச் சொன்னேன். காப்பார் பெண்ணும் கூடவே வந்தாள். அவளை நான் கூப்பிடவில்லை. காரின் முன்னால் நின்று, காய்ந்து வெடித்திருந்த சந்தன வட்டங்களைக் காட்டி விளக்கினேன். இந்த வட்டங்கள்தான் காரின் கண். அவற்றை மூடிவிட்டால் எதிரே ஏதோ ஒட்டி நிற்கிறது என்று நினைத்துக் கத்துகிறது. என் தோழி என்னையும் பம்பரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அழகுக்கு வெச்சிருக்காங்கன்னுல நெனச்சேன்," என்றாள்.

"தொடச்சுட்டு ஓட்டிப் பாரு. கத்தாது."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை பொட்ட அழிக்கச் சொல்றீங்களா அக்கா?"

நான் கைக்குட்டையை எடுத்துவிட்டேன், ஆனால் எனக்கும் கை போகவில்லை. அவள் கணவர் இரத்த அழுத்தத்தோடு இருக்கிறார்; என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். கல்யாணமான இரண்டு பெண்கள் வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் குங்குமத்தைத் துடைப்பதா? மூன்று பேரும் ஒரு காரின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் காப்பார் பெண் தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள்.

"அழிக்க வேணாம்கா. அபிஷேகம் பண்ணிடுவோம்."

எனக்கு முன் அவளுக்கு இது தோன்றியதே என்று இருந்தது. முன்னும் பின்னும் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சந்தனம் கரைந்து மஞ்சளும் சிவப்புமாகத் தரையில் ஓடியது. என் தோழி முன்பக்க ஓரத்து வட்டத்தைப் பார்க்கக் குனியப் போனாள். பாதியிலேயே நின்று பானட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சட்டென்று அவள் முழங்கையைத் தாங்கினாள்.

"நீங்க குனியாதீங்கக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? முட்டிக்கு ஊசி போட்டு ரெண்டு வாரம்கூட ஆகல."

எந்த முட்டி, எந்த ஊசி என்று நான் கேட்டேன்.  என் தோழி ஒன்றுமில்லை, வயசாகிறது இல்லையா என்று ஆரம்பித்து, பிறகு நிறுத்திவிட்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்க காடி சீட்டு ரொம்பத் தாழ்வு அக்கா. எறங்குறப்ப உயிர் போயிடும். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வருஷக்கணக்கா ஏத்திட்டுப் போறீங்க. அதான் இந்த மாதிரி ஒசரமா ஒன்னு வாங்கிட்டேன்."

பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்தியதும் அவள் ஒரு நிமிடம் என்று சொல்லி, மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தூக்கம் கலையவில்லை என்று நான் நினைத்திருக்கிறேன். சீக்கிரம் இறங்கு என்று கேலியும் செய்திருக்கிறேன். இதெல்லாம் அப்போது வரிசையாக வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட மேலே வேறொன்று நின்றது: அந்த முட்டி வலியை ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதப் பழக்கத்தில் இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

கார் கத்தவில்லை. அன்று மாலையே அழைத்துச் சொன்னாள். இனிப் பொட்டு எண் பலகைக்கு மட்டும்தான் என்றாள். விற்கும் பேச்சு அதோடு போனது. திங்கட்கிழமை நானும் வர வேண்டும், தலை சுற்றினால் ஒரு பாக்கெட் புளிப்பு மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். பக்கத்தில் செய்தித்தாளோடு இருந்த என் கணவர், எனக்கு முன்பாகவே, வருவாங்க என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை அவள் கார் எங்கள் வீட்டு முன்னால் நேரத்துக்கு வந்து நின்றது. என் கார் போர்ச்சில் இருந்தது. காப்பார் பெண் முன்னிருக்கையிலிருந்து இறங்கி எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம், நீயே உட்கார் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினேன். புடவையைத் தூக்கிப் பிடிக்காமல், ஒரே அடியில் ஏற முடிந்தது. கிள்ளான் பாலம்வரை முன்னால் அவர்கள் இருவரும் அலுவலகத்தில் யாரோ விடுப்பு எடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். எனக்குத் தெரியாத ஆள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். பின்னால் ஏசி வருகிறதா என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தோழி கேட்டாள். வருகிறது என்றேன்.

ஷா ஆலமில் கார் நின்றது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஒருமுறை நீட்டி மடக்கினாள். காப்பார் பெண் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"முட்டி எப்படி இருக்கு இன்னைக்கு?" என்று நான் கேட்டுவிட்டேன்.